பெலட் கிரில் வேண்டாம் என்று நாங்கள் ஏன் சொல்கிறோம்?



போன ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளி முற்றத்தில் நடந்த பேச்சு வார்த்தை தடித்துவிட்டது. அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே நிதானமாக எழுதுகிறோம். நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். வாசித்த பிறகு திட்டுவதானாலும் திட்டுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் சுருக்கமாக. எங்கள் மஹல்லாவில் ஒரு எலக்ட்ரிக் ஸ்மோக்கர் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒரு சகோதரர் நல்ல மனதோடு கொண்டுவந்து தந்த இறைச்சி புகையூட்டும் பெட்டி. அது இப்போது கிழடாகிவிட்டது. கதவு சரியாக மூடாது. சூடு 90 என்று காட்டும், உள்ளே கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அதைக் கழித்துவிட்டு ஒரு பெலட் கிரில் எடுப்போம் என்பது இளைஞர்களின் யோசனை. பாதிப் பணத்தை ஒரு தனவந்தர் தருவார். மீதிப் பாதியை மஹல்லா நலன்புரி நிதியிலிருந்து எடுக்க வேண்டும். மொத்தத் தொகை ஒரு ஆசிரியரின் பல மாதச் சம்பளம்.

நாங்கள், அதாவது உழ்ஹிய்யா இறைச்சிப் பங்கீட்டை இத்தனை வருடமாகச் செய்துவரும் சில ஆசிரியர்களும் இன்னும் சிலரும், இதை எதிர்க்கிறோம். புதுமைக்கு எதிரிகள், பொறாமைக்காரர்கள் என்றெல்லாம் அன்றைக்குச் சொன்னார்கள். அந்த எலக்ட்ரிக் பெட்டியை ஊருக்கு வேண்டும் என்று முதலில் கை தூக்கியவர்களே நாங்கள்தான். அன்று கேட்க வேண்டிய கேள்விகளை நாங்கள் கேட்கவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

2022 ஹஜ்ஜுப் பெருநாளை நினைத்துப் பாருங்கள். ஜூலை 10, ஞாயிற்றுக்கிழமை. முதல் நாள்தான் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். பெற்றோல் இல்லை. டீசல் இல்லை. கேஸ் சிலிண்டருக்கு மாதக் கணக்கில் வரிசை. மின்வெட்டு வேறு. இறைச்சிப் பைகளை இளைஞர்கள் தோளில் போட்டுக்கொண்டு மேட்டு வீடுகளுக்கு நடந்து போய்க் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அல்லாஹ் நற்கூலி கொடுக்கட்டும்.

பிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கென்று ஒதுக்கிய பன்னிரண்டு கிலோவை அன்று எங்கள் பெட்டிக்குள் வைத்திருந்தோம். அஸருக்குப் பிறகு கரண்ட் போனது. இதோ வரும், இதோ வரும் என்று இருந்தோம். கதவைத் திறக்கவும் பயம், சூடு போய்விடும் என்று. இஷா முடிந்து கரண்ட் வந்தபோது பெட்டி உயிர்க்கவில்லை. உள்ளே எலிமென்ட் போய்விட்டது. வேறு இடத்துக்குக் கொண்டுபோக வாகனத்தில் எண்ணெய் இல்லை. காலையில் கதவைத் திறந்தோம். அதற்கு மேல் எழுதத் தேவையில்லை. குர்பான் இறைச்சி பன்னிரண்டு கிலோவை பள்ளிக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தோம். தனக்கு வரும் என்று காத்திருந்த ஒரு வயதான தாயிடம் போய், “உம்மா, இந்த முறை இல்லை” என்று சொன்னது எங்களில் ஒருவர்தான்.

பிறகு அந்த எலிமென்ட்டைத் தேடிக் கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் ஏறாத கடை இல்லை. அந்த அளவில் கிடைக்கவில்லை. வேறொன்றை வெட்டி ஒட்டிப் பூட்டினோம். அன்றிலிருந்துதான் அந்தப் பெட்டி பொய்ச் சூடு காட்டுகிறது. இறக்குமதிப் பொருளை வாங்கும்போது பொருளை மட்டும் பார்த்தோம். அதன் உதிரிப்பாகம் எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறது என்று பார்க்கவில்லை. குற்றம் எங்களுடையது.

இப்போது பெலட் கிரிலைப் பார்ப்போம். நியாயமாகவே பார்ப்போம். அது மோசமான சாமான் அல்ல. 1980களில் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில் ட்ரேகர் என்பவர் கொண்டுவந்த யோசனை. ஒரு பக்கத்தில் தொட்டி. அதில் மரத்தூளை அழுத்திச் செய்த சின்னச் சின்ன உருளைகளைக் கொட்ட வேண்டும். அதற்குப் பெயர்தான் பெலட். தொட்டிக்குக் கீழே ஒரு திருகாணித் தண்டு சுழன்று அந்த உருளைகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருப்புக் கிண்ணத்துக்குத் தள்ளும். ஒரு சூட்டுக் கம்பி அதைப் பற்றவைக்கும். ஒரு விசிறி காற்றை ஊதும். ஒரு சிறிய கணினிப் பலகை சூட்டை அளந்து, எவ்வளவு தள்ள வேண்டும் என்று தீர்மானிக்கும். 110 பாகை என்று வைத்தால் ஏறக்குறைய அதிலேயே நிற்கும். பக்கத்தில் நின்று ஊத வேண்டியதில்லை. எங்கள் பழைய எலக்ட்ரிக் பெட்டியை விட மர வாசனையும் கூடுதலாக ஏறும். இதெல்லாம் உண்மை. யோசனை சொன்ன பிள்ளைகள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவர்கள் கொண்டுவந்த தாளில் இல்லாத சில விஷயங்கள் உண்டு.

முதலாவது, கரண்ட். “இது விறகில்தானே எரிகிறது” என்று ஒரு ஹாஜியார் கேட்டார். விறகில் எரிகிறது, ஆனால் கரண்ட் இல்லாமல் எரியாது. திருகாணி சுழல கரண்ட். விசிறிக்குக் கரண்ட். பலகைக்குக் கரண்ட். பற்றியபின் அது இழுக்கும் கரண்ட் குறைவுதான், ஒரு பற்றரியும் இன்வேட்டரும் இருந்தால் சமாளிக்கலாம். ஆனால் அவை இரண்டும் அந்தத் தாளின் கணக்கில் இல்லை. அமெரிக்காவுக்குச் செய்த கிரில் 120 வோல்ட். இங்கே 230. எதைக் கொண்டுவரப் போகிறோம் என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு என்று அறிவித்த நாடு இது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது கண்டி மாவட்டம் மண்சரிவுகளில் எப்படிச் சிக்கியது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஊருக்கு உணவு தேவைப்படும் நாளும் கரண்ட் இல்லாத நாளும் எங்கள் நாட்டில் பெரும்பாலும் ஒரே நாள்தான்.

இரண்டாவது, தீனி. மெதுவாகப் புகையூட்டும்போதே இந்த கிரில் மணித்தியாலத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை பெலட் தின்னும். சூட்டைக் கூட்டினால் இன்னும் அதிகம். பெருநாளின் இரண்டு மூன்று நாள் வேலைக்கு எத்தனை மூட்டை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். அந்த மூட்டை எங்கிருந்து வரும்? கப்பலில். டொலர் இல்லாவிட்டால் கப்பலில் வருவது எதுவும் வராது என்பதை இந்த நாடு எங்களுக்குப் பாடம் நடத்திக் காட்டியது. பால்மா வராத நாட்டுக்கு பெலட் வருமா?

“உள்ளூரிலும் பெலட் செய்கிறார்களே” என்கிறீர்கள். தொழிற்சாலை பாய்லருக்குச் செய்வதை இறைச்சிக்குக் கீழே எரிக்கக் கூடாது. அதற்குள் எந்த மரம், எந்தப் பசை, எந்தப் பெயின்ட் என்று யாருக்குத் தெரியும்? மரஆலைத் தூளும் அப்படியே. ரப்பர் மரப் பலகைக்கு பூச்சி வராமல் போரன் மருந்து ஏற்றுவார்கள். பிளைவுட் தூளில் பசை இருக்கும். உணவுக்கென்று செய்த பெலட் வேறு, எரிக்கச் செய்த பெலட் வேறு.

மூன்றாவது, ஈரம். இது எங்கள் தரம் 8 பிள்ளைகளுக்கும் விளங்கும். மரத்தூளை அதிக அழுத்தத்தில் நசுக்கும்போது சூடேறி, மரத்திலேயே உள்ள லிக்னின் இளகிப் பசையாக மாறித் தூளைப் பிடித்துக்கொள்கிறது. பெலட்டை உருளையாக வைத்திருப்பது அவ்வளவுதான். தண்ணீர் பட்டால் அது ஊதி உடைந்து திரும்பவும் தூளாகிவிடும். ஊதிய தூள் திருகாணியில் இறுகினால் மெஷின் நின்றுவிடும். கழற்றித்தான் சுரண்ட வேண்டும். கண்டியில் மழை மாதத்தில் அலுமாரிக்குள் வைத்த சப்பாத்தே பூஞ்சணம் பிடிக்கிறது. இங்கே மூட்டை மூட்டையாக பெலட்டை எந்தப் பெட்டிக்குள் காயவைத்து வைத்திருக்கப் போகிறோம்?

சரி, இவையெல்லாம் சாமானைப் பற்றிய பேச்சு. எங்கள் மனதில் உள்ள பெரிய விஷயம் வேறு.

அந்தத் தாளில் பதினொரு காரணங்கள் எழுதியிருந்தார்கள். ருசி, நிறம், போனிலிருந்தே சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி, சுத்தம் செய்வது இலகு. பதினொன்றையும் இரண்டு தடவை வாசித்தோம். யார் சாப்பிடுவது என்று ஒரு வரி இல்லை.

அந்த எலக்ட்ரிக் பெட்டி எதற்காக வந்தது? பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கும் பெருநாள் இறைச்சி நாலு நாள் தாங்க வேண்டும் என்பதற்காக. எங்கள் உம்மாமார் செய்த உப்புக்கண்டத்துக்கு வெயில் வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் இந்த வருடங்களில் மழைக் காலத்தில் வருகிறது. தூறல் விடாத நாளில் இறைச்சியைக் கொடியில் போட்டால் ஈதான் மொய்க்கும். ஆகவே உப்புப் போட்டு, புகையிலும் சூட்டிலும் காயவைத்துக் கொடுப்போம் என்றுதான் ஆரம்பித்தோம். முதல் இரண்டு வருடம் அப்படித்தான் நடந்தது. பிறகு என்ன நடந்தது? பாடசாலை விடுமுறை வந்தால் பாபிகியூ இரவு. கிரிக்கெட் வென்றால் பாபிகியூ இரவு. யாருடைய மகனாவது ஊருக்கு வந்தால் பாபிகியூ இரவு. போட்டோக்கள் முகநூலில் வரும். பெட்டி ஊருடையது, கரண்ட் பில் பள்ளியுடையது, இறைச்சி பத்துப் பதினைந்து பேருடையது. நாங்களும் அதில் சிலவற்றுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறோம். அதையும் மறைக்கவில்லை.

ஒரு வருடம் மதீனாவுக்கு ஏழைகள் வந்து சேர்ந்திருந்தபோது, குர்பான் இறைச்சியை மூன்று நாளைக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அந்த நெருக்கடி நீங்கிய பிறகுதான் சாப்பிடவும் கொடுக்கவும் சேமித்து வைக்கவும் அனுமதித்தார்கள். ஆலிம்கள் இதை ஒவ்வொரு வருடமும் மிம்பரில் சொல்கிறார்கள். இல்லாதவன் வாசலில் நிற்கும்போது சேமிப்பு என்ற பேச்சே இல்லை. இறைச்சியைப் பாதுகாக்கும் எந்தப் பெட்டியும் அவனுக்குப் பிறகுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தன் முன்னால் வந்து பயத்தில் நடுங்கிய ஒரு மனிதரிடம், தான் அரசன் அல்ல, காய்ந்த இறைச்சி சாப்பிட்ட ஒரு குறைஷிப் பெண்ணின் மகன் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். காய்ந்த இறைச்சி அன்று எளியவர்களின் சாப்பாடு. அதை நாங்கள் பல இலட்சம் ரூபாய் மெஷினில் செய்து போட்டோ எடுத்துப் போடும் சாப்பாடாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்ப்பது இலகு, மாற்று வழி என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

பள்ளிக்குப் பின்னால் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அடுப்புக் கொட்டில் இருக்கிறது. வருடத்தில் ஒரு மாதம் எரிகிறது, பதினொரு மாதம் பூனை படுக்கிறது. அதன் ஓரமாகச் செங்கல்லில் ஒரு புகை அறை கட்டுவோம். ஆள் உயரம் போதும். நெருப்பு ஒரு பக்கத்தில் தனியாக, கீழே. புகையும் சூடும் ஒரு குழாய் வழியாக அறைக்குள் போகும். மேலே உயரமான புகைபோக்கி. உள்ளே துருப்பிடிக்காத கம்பிகள். கல்வனைஸ் தகடும் கம்பியும் வேண்டாம், சூட்டில் அதன் நாக முலாம் நச்சுப் புகை விடும். எண்ணெய் பீப்பாயை வெட்டிச் செய்வோம் என்றும் ஒருவர் சொன்னார். அதில் முன்பு என்ன இருந்தது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் அதுவும் வேண்டாம். எங்கள் மஹல்லாவிலேயே மேசன் வேலை இல்லாமல் இருக்கும் சகோதரர்கள் இருக்கிறார்கள். பணம் அவர்கள் வீட்டுக்குப் போகும். உடைந்தால் அவர்களே திருத்துவார்கள்.

தீனிக்கு எங்கும் போக வேண்டாம். கண்டிச் சுற்றுவட்டாரத்து வீட்டுத் தோட்டங்களைப் போல மரம் உள்ள இடம் எங்கே? பலா, மா, கொய்யா, ரம்புட்டான், கோப்பி. கிளை வெட்டும்போதெல்லாம் எரித்துவிடுகிறோம் அல்லது ஓடையில் தள்ளுகிறோம். அதை வெட்டிக் கொட்டிலுக்குள் சில மாதம் காயவைத்தால் போதும். சிரட்டையோ ஒவ்வொரு வீட்டிலும் தினமும் விழுகிறது. இலங்கைச் சிரட்டைக் கரி ஆக்டிவேட்டட் காபனாக மாறி, தண்ணீர் சுத்திகரிக்கவும் தங்கம் பிரித்தெடுக்கவும் உலகமெல்லாம் போகிறது. ஹேகார்ப் நிறுவனம் 1973இலிருந்து இதைத்தான் செய்கிறது. உலகம் எங்களிடம் கரி வாங்குகிறது, நாங்கள் அமெரிக்காவிடம் மரத்தூள் வாங்கப் போகிறோம்!

எல்லா மரமும் ஆகாது என்பதையும் சேர்த்து எழுதுகிறோம். ஹந்தானைப் பக்கம் விழுந்து கிடக்கும் பைனஸ் தடியைத் தூக்கி வராதீர்கள். அதில் பிசின், கரிய புகை வரும், இறைச்சி கசக்கும். அரச காட்டு மரத்தில் கை வைக்கவும் கூடாது. கிளிரிசீடியா வேலியில் தாராளமாக வளர்கிறது, ஆனால் அந்தப் பெயருக்கே எலிக்கொல்லி என்றுதான் அர்த்தம். உணவுக்கு வேண்டாம். பெயின்ட் பூசிய பலகை, பழைய கதவு, பெட்டிப் பலகை எதுவும் வேண்டாம்.

ஒரு தேர்மாமீற்றர் கட்டாயம் வாங்க வேண்டும், இரண்டு வாங்கினால் நல்லது. இறைச்சியின் நடுவில் குத்திப் பார்க்கும் வகை. பெரிய விலை இல்லை. கோழி என்றால் நடுவில் 74 பாகை வர வேண்டும். 5க்கும் 60க்கும் இடைப்பட்ட சூட்டில் இறைச்சி நீண்ட நேரம் கிடந்தால் கிருமி பெருகும். 2022இல் எங்களிடம் அது ஒன்று இருந்திருந்தால், பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று மஃரிபுக்கே தெரிந்திருக்கும். கஞ்சி அடுப்பை மூட்டிச் சமைத்தாவது கொடுத்திருப்போம். இன்னொன்று, புகை பட்டுவிட்டதால் மட்டும் இறைச்சி கெடாமல் இருக்காது. பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்குக் கொடுப்பதை உம்மாமார் செய்தது போல மெல்லிசாக அரிந்து, நன்றாக உப்புப் பிடிக்க வைத்து, முழுக்கக் காயவைத்துத்தான் கொடுக்க வேண்டும்.

சகோதரிகள் சிலர் உட்பெட்டிக்கு எழுதியிருந்தார்கள்: “எங்களைத் திரும்பவும் புகைக்குள் தள்ளாதீர்கள்.” அந்தக் கோபம் நியாயமானது. எங்கள் உம்மாமார் ஊதுகுழல் ஊதி ஊதி இருமியதை நாங்கள் மறக்கவில்லை. அதற்காகத்தான் வீட்டுக்குள் வேண்டாம், வெளியில், புகைபோக்கியோடு என்கிறோம். நெருப்புப் பார்ப்பது ஆண்களின் முறை வேலை. ஆசிரியர்களின் பெயர்கள் முதல் பட்டியலிலேயே இருக்கும். 1980களில் அனகி அடுப்பு வந்தபோது விறகை விட்டு ஓடாமல் அடுப்பைத் திருத்தினார்கள், விறகும் மிச்சமானது, புகையும் குறைந்தது. நாங்கள் கேட்பதும் அப்படி ஒரு திருத்தத்தைத்தான். புகையூட்டிய இறைச்சியைத் தினமும் சாப்பிடுவது உடம்புக்கு நல்லதல்ல என்பதும் உண்மை. இது பெருநாளுக்கும் அவசரத்துக்கும் உரியது.

அயலவர்கள் விஷயம் இதைவிட முக்கியம். கண்டி மலைகளுக்கு நடுவில் உள்ள குழி. காற்றில்லாத மாலையில் வாகனப் புகையே வெளியேறாமல் தேங்கி நிற்கிறது. அதில் நாங்களும் புகை சேர்க்க வேண்டுமா? ஆகவே காய்ந்த விறகு மட்டும், காற்றுள்ள பகல் நேரத்தில் மட்டும். போயா தினத்தில் கிட்டவும் போகக் கூடாது. கட்டுவதற்கு முன்னால் பின்வளவு சிங்களக் குடும்பத்திடமும் மேல்வீட்டுத் தமிழ்க் குடும்பத்திடமும் போய் நேரில் கேட்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் இடத்தை மாற்ற வேண்டும். ஆணம் காய்ச்சினால் தண்ணீரைக் கூட்டி அயலவனுக்கும் கொடு என்பது எங்கள் மார்க்கம். அவனுக்குப் புகையை மட்டும் அனுப்புவது எந்த மார்க்கத்திலும் இல்லை. கோழியோ மீனோ புகையூட்டும் நாளில் அவர்கள் வீட்டுக்கும் ஒரு பங்கு போகட்டும், அவர்கள் விரும்பினால்.

தனவந்தர் சகோதரருக்கு ஒரு வார்த்தை. உங்கள் பணம் உங்கள் உரிமை. வீட்டுக்கு பெலட் கிரில் வாங்குங்கள், பிள்ளைகளோடு சந்தோஷமாகச் சாப்பிடுங்கள், எங்களையும் ஒரு நாள் கூப்பிடுங்கள், வருவோம். ஆனால் நலன்புரி நிதி அமானத். அதில் ஒரு கைம்பெண்ணின் நூறு ரூபாயும் இருக்கிறது. அந்த நூறு ரூபாயில் போனால் கட்டுப்படுத்தும் கிரில் வாங்க எங்களுக்கு உரிமை இல்லை. நீங்கள் தருவதாகச் சொன்ன பாதியே புகை அறைக்குத் தாராளமாகப் போதும். மிஞ்சினால் ஜனவரியில் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கலாம்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. எண்ணெய் இல்லாத நாளில் தோளில் இறைச்சி சுமந்து நடந்தது நீங்கள்தான். உங்களை நாங்கள் குறைவாக நினைக்கவில்லை. புகை அறையின் பொறுப்பை உங்களிடமே தர வேண்டும் என்பதுதான் எங்கள் யோசனை. ஒரேயொரு நிபந்தனை: பட்டியலில் உள்ள வீடுகளுக்குக் கொடுத்து முடிந்த பிறகுதான் உங்கள் பாபிகியூ.

வரும் வெள்ளி இஷாவுக்குப் பிறகு நிர்வாகம் கூடுகிறது. வாருங்கள். பெலட் கிரில் வேண்டும் என்பவர்களும் வாருங்கள். வரும்போது மூன்று கேள்விகளுக்குப் பதில் கொண்டுவாருங்கள். அதற்கு எரிபொருள் எங்கிருந்து வரும்? உடைந்தால் யார் திருத்துவார்? அதில் செய்ததை முதலில் யார் சாப்பிடுவார்? மூன்றுக்கும் நல்ல பதில் இருந்தால் நாங்கள் எழுந்து நின்று கை தூக்குவோம். பதில் இல்லாமல் ஒரு தடவை கை தூக்கிவிட்டு, பள்ளிக்குப் பின்னால் குழி வெட்டியவர்கள் நாங்கள். இன்னொரு தடவை வெட்ட எங்களால் முடியாது.

பிழையாக எழுதியிருந்தால் திருத்துங்கள். யாருடைய மனதையாவது நோகடித்திருந்தால் மன்னியுங்கள்.

வஸ்ஸலாம்.